காரைக் கட்டியவர் என் மருமகன்

அந்தக் காரைக் கட்டியவர் என் மூத்த மகளின் கணவர். நான் அல்ல. இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. ஏனென்றால் ஒரு முறை, அதை வாங்க வந்த மனிதரின் முகத்தைப் பார்த்து, இதற்கு மாறாகச் சொன்னேன். எழுபத்திரண்டு வயதில், ஐவேளை தொழுகிறவன், யாரும் கட்டாயப்படுத்தாமல் சொன்ன பொய் அது.

நான் கல்முனையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். ஊரில் எனக்குப் பெயர் ‘சேர்’. மீன் வாங்கப் போனாலும் சேர், தலைமுடி வெட்டப் போனாலும் சேர். மருமகன் சம்மாந்துறைக்காரர். அவருடைய வாப்பாவுக்கு அங்கே உழவு இயந்திரம் திருத்தும் கராஜ் ஒன்று உண்டு. சாதாரணதரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு அங்கேயே வேலை பழகியவர். கலியாணம் பேசி வந்தபோது நான் பதில் சொல்லாமல் மூன்று மாதம் இழுத்தேன். கடைசியில் மகள்தான் ‘ஓம்’ என்றாள்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளின் பெயருக்கு எழுதப்படும். பெற்றோர் அதே வளவில் ஒரு சிறிய வீட்டுக்கு ஒதுங்கிவிடுவார்கள். நானும் மனைவியும் அப்படித்தான் ஒதுங்கினோம். ஒரே வளவு, ஒரே கிணறு. ஆனால் மாமாவும் மருமகனும் தேவைக்கு மேல் நேரில் கதைப்பது வழக்கமில்லை. மாமி அவருக்கு முன்னால் வருவதே இல்லை. இப்போது பல வீடுகளில் இது தளர்ந்துவிட்டது. மாமாவும் மருமகனும் ஒரே சோபாவில் இருந்து கிரிக்கெட் பார்க்கிறார்கள். என் வீட்டில் தளரவில்லை. மரியாதை என்று நான் அதற்குப் பெயர் வைத்திருந்தேன். ஒரு மெக்கானிக்கோடு கதைக்க எனக்கு என்ன இருக்கிறது என்ற எண்ணமும் அந்த மரியாதைக்குள் இருந்தது.

ஆகவே எங்கள் இருவருக்கும் இடையில் சொற்களைச் சுமந்தவள் மகள்.

கலியாணமாகி மூன்றாம் வருடம் அவர் ஒரு பழைய ஜப்பான் காரை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பின்பக்கம் நசுங்கிய, கைவிடப்பட்ட சின்னக் கார். வளவின் வடக்கு மூலையில் தகரக் கொட்டில் ஒன்று போட்டு, அதற்குள் அதைத் தள்ளி, ஆசனங்களைக் கழற்றி வெளியே எறிந்தார். கராஜ் வேலை முடிந்து வந்த பிறகும், வெள்ளிக்கிழமைகளிலும் அதோடுதான் கிடந்தார்.

“என்னத்துக்காம்?” என்று மகளிடம் கேட்டேன்.

“ஓட்டப் போட்டிக்காம் வாப்பா. வளைவு இல்லாம நேரா ஓடுற போட்டி. கால் மைல்.”

“கால் மைலுக்கு எதுக்குக் கார்? நடந்தே போகலாமே.”

“அத நீங்களே அவரிட்டச் சொல்லுங்க.”

நான் சொல்லவில்லை. ஆனால் கொட்டில் பக்கம் அடிக்கடி போகத் தொடங்கினேன். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், பச்சை விளக்கு எரியும், யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறாரோ அவருக்கு வெற்றி. ஒரு அல்ஹம்து சூறாவை ஓதி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். உண்மையில் அவ்வளவு நேரம்கூட ஆகாது. இந்தப் போட்டியில் முன் சில்லுகளால் இழுக்கும் காருக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. பஸ் திடீரென்று புறப்பட்டால் நிற்பவர் பின்னுக்குச் சாய்வதுபோல், கார் பாய்ந்து புறப்படும்போது அதன் பாரமும் பின்னுக்குச் சாயும். மூக்கு உயரும். இழுக்க வேண்டிய முன் சில்லுகள் அந்த நேரத்தில்தான் தரையைப் பிடிக்காமல் சும்மா சுழலும். புகை வரும், கார் நகராது. பின் சில்லுகளால் ஓடும் காருக்கோ அதே சாய்வு உதவியாகிவிடும். விசயம் தெரிந்தவர்கள் அந்த மாதிரிக் காரைத்தான் எடுப்பார்கள். இவருக்குக் கிடைத்தது இது. பிறகு இதுவே அவருக்கு ஒரு வீம்பாகிவிட்டது.

முன்னால் அகலமான வழுவழுப்பான டயர்களையும், பின்னால் மெலிந்த டயர்களையும் பூட்டினார். பார்க்க வந்த ஒருவர், “முன் சில்லுக்குக் கலியாண வலீமாச் சாப்பாடு, பின் சில்லுக்கு நோன்பு போல” என்று சொல்லிச் சிரித்தார். அது ஊர் முழுக்கப் பரவியது.

ஒரு பின்னேரம் மகள் வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றாள்.

“வாப்பா, கார் கிளம்பக்கொள்ள முன்னுக்கு இரிக்கிற பாரம் எவ்வளவு பின்னுக்குப் போகும் எண்டு கணக்குப் பார்க்கேலுமா எண்டு அவர் கேக்கிறார்.”

“ஏலும். பாரத்தின்ட மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில எவ்வளவு தூரம் எண்டு கேளு புள்ள.”

“அவர் இந்தா நிக்கிறார், ரெண்டு முழம் தள்ளி. ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான் கேக்குது. நான் என்ன தபால்காரியா?”

என்றாலும் திரும்பி நின்று அவருக்குச் சொன்னாள்.

மறுநாள் கிறீஸ் படிந்த ஒரு கடதாசி மட்டையில் அளவுகள் வந்தன. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தேன். உறவினர் ஒருவரின் அரிசி ஆலையில் நெல் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசைக் கேட்டு வாங்கி, காரைச் சமமாக வைத்தும் பின்பக்கத்தை உயர்த்தியும் முன் சில்லு ஒவ்வொன்றையும் நிறுத்து, அந்த வித்தியாசத்திலிருந்து மையத்தின் உயரத்தைக் கண்டுபிடித்திருந்தார். இந்த முறையை நான் பல வருடம் கரும்பலகையில் கீறிக் காட்டியிருக்கிறேன். ஒரு மனிதர் அதைக் கையால் செய்ததை அன்றுதான் கண்டேன். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். மகளிடம் “பிழையில்ல” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

ஒரு கொப்பியில் கணக்கைச் செய்தேன். ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் பாரம் பின்னுக்குப் போவது குறையாது, ஒன்றில் காரைத் தரையோடு பதிக்க வேண்டும், அல்லது நீட்ட வேண்டும், பதிக்கக்கூடிய அளவுக்கு ஏற்கெனவே பதித்தாயிற்று, நீட்ட முடியாது, ஆகவே இந்தக் கார் தோற்கும். தோற்கும் என்ற சொல்லையும் சேர்த்தே அனுப்பினேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“காரை நீட்டேலாதுதானாம். ஆனா காருக்கு வால் வைக்கலாமாம்.”

அந்த வால்தான் இந்தக் கதை. காரின் பின்பக்கத்திலிருந்து ஓர் ஆள் நீளத்துக்கு இரண்டு இரும்புக் குழாய்கள். அவற்றின் நுனியில் ஆலையில் மூட்டை தள்ளும் வண்டியிலிருந்து கழற்றிய இரண்டு சின்னச் சில்லுகள், தரையைத் தொட்டும் தொடாமலும். கார் புறப்பட்டு மூக்கு உயரும்போது பின்பக்கம் பதியும், சின்னச் சில்லுகள் தரையில் ஊன்றும். அந்தக் கணத்தில் கார் தன் நீளத்தைவிட நீண்டதாகிவிடும். நீண்ட காரில் பாரம் அவ்வளவாகப் பின்னுக்குப் போகாது. என் கொப்பியில் இருந்த சூத்திரம்தான். அதைத் தோல்விக்குச் சான்றாக நான் எழுதியிருந்தேன், அவர் அதற்குள் ஒரு வழியைப் பார்த்தார்.

இப்படிக் குழாய் பூட்டுவது வெளிநாடுகளில் உண்டு. அவர் அதைப் போனில் பார்த்திருந்தார், மறைக்கவும் இல்லை. ஆனால் அதற்கு மேலே அவர் செய்த ஒன்று முழுக்க அவருடையது. ஓடுபாதை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. தரைக்குத் தக்கபடி அந்தச் சின்னச் சில்லுகளை ஏற்றவோ இறக்கவோ வேண்டும். மற்றவர்கள் ஸ்பேனர் எடுத்துப் படுத்துக் கிடந்து அதைச் செய்வார்கள். உழவு இயந்திரத்தின் பின்னால் கலப்பையைப் பிடித்து நிற்கும் திருகுத்தண்டு ஒன்று உண்டு. கலப்பை ஆழமாகப் போகிறதென்றால் உழுகிறவர் இறங்கி அந்தத் தண்டைக் கையால் இரண்டு சுற்றுத் திருப்பிவிட்டு மறுபடியும் ஏறிக்கொள்வார். சின்ன வயதிலிருந்து அதைத் திருத்தித் திருத்தியே வளர்ந்தவர் இவர். ஒரு பழைய தண்டை எடுத்து வெட்டிச் சிறிதாக்கி வாலின் மேலே பூட்டினார். வலப்பக்கம் திருப்பினால் தண்டு நீளும், வால் இறங்கும். இடப்பக்கம் திருப்பினால் ஏறும். அரை நிமிட வேலை, ஸ்பேனர் எதுவும் வேண்டாம்.

முதல் பரீட்சை அதே அரிசி ஆலையில் நடந்தது. நெல் காயப்போடும் சீமெந்துத் தளம் நீளமானது, புறப்பாட்டை மட்டும் பார்க்கப் போதும். முதலில் வாலைத் தூக்கிக் கட்டிவிட்டு ஓட்டினார். புகை. ஆலையில் வேலை செய்யும் அம்மாள் ஒருவர் துடைப்பத்தோடு ஓடி வந்தார்.

“நாளைக்கு நெல்லுக் காயப்போடணும்! சோத்தில டயர் மணந்தா உங்கட சேர்தான் வந்து திங்கணும்!”

“அவருக்குப் பல்லு இல்ல ராத்தா, பரவால்ல” என்றாள் என் மகள்.

பிறகு வாலை இறக்கினார். காரின் மூக்கு ஒரு விரல் உயரம் எழும்பி அப்படியே நின்றது. புகை இல்லை. தளத்தின் மறுகோடியில் கார் நின்றபோது, சீமெந்தில் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் இரண்டு கறுப்புக் கோடுகள் கிடந்தன. துடைப்பத்தோடு நின்றவரும் வாயை மூடிக்கொண்டார். என் வாழ்க்கையில் பரீட்சை முடிவுகள் பலவற்றைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்த இரண்டு கோடுகளைப் பார்த்தபோது வந்த பெருமை அவற்றில் எதைவிடவும் குறைந்ததில்லை.

அதற்கடுத்த மாதம் ஒரு பழைய விமான ஓடுபாதையில் போட்டி. நானும் போனேன், மகளோடு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். எதிரில் நின்றது பின் சில்லுகளால் ஓடும் பெரிய கார், நல்ல பலமான எஞ்சின். பச்சை எரிந்தது. எங்கள் கார் முதல் சில நொடிகளிலேயே ஒரு காரின் நீளத்துக்கு முன்னால் இருந்தது. கடைசியில் அந்தப் பெரிய கார் துரத்தித் துரத்திக் கிட்ட வந்தது, ஆனால் எட்டவில்லை. நான் எழுந்து நின்று கத்தினேன் என்று மகள் சொல்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை.

மருமகன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு வந்து, ஓடிய நேரம் அச்சிட்ட சிறு துண்டை என்னிடம் நீட்டினார். வலக்கையால் நீட்டி, இடக்கையால் முழங்கையைத் தொட்டபடி. துண்டை வாங்கி மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தேன். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது.

இனி விற்ற கதை.

என் இளைய மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. பெண்ணுக்கு வீடு வேண்டும். வளவில் மிச்சமிருந்த இடம் வடக்கு மூலைதான், கொட்டில் நின்ற இடம். “அத்திவாரம் வெட்டணும் எண்டு அவருக்குச் சொல்லு” என்று மகளிடம் சொன்னேன். ஒரு மணித்தியாலத்தில் பதில் வந்தது. காரை விற்றுவிடலாமாம்.

“ஆனா ஒண்டு வாப்பா,” என்றாள் மகள். “கண்டவனுக்கும் குடுக்க மாட்டாராம். இந்தக் காரை வாங்குறவர் இதின்ட வேலையைப் பார்த்திட்டு, அடுத்த காரை இவரிட்டயே கட்டக் குடுக்கணும். அப்பிடி ஒரு ஆளுக்குத்தானாம். காலம் முழுக்க மெசின் திருத்திக்கிட்டு இரிக்கேலாது, காரு கட்டுற கராஜ் ஒண்டு போடணும் எண்டுதான் அவர்ட ஆசை. இந்தக் காருதான் அதுக்கு அவர்ட சேட்டிபிக்கட்.”

எஞ்சினை மட்டும் கேட்டு வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பினார். கடை வாசலில் காட்சிக்கு வைக்கக் கேட்ட ஒருவரையும் அனுப்பினார். மூன்றாவதாக வந்தவர் கொழும்பில் சொந்தமாகப் போட்டிக் கார்கள் வைத்திருப்பவர். அவருக்காகத்தான் மருமகன் காத்திருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டையோடு மணலில் படுத்து, காரின் அடிவயிற்றை அரை மணி நேரம் பார்த்தார். வால் பக்கம் வந்ததும் உட்கார்ந்துவிட்டார். அந்தத் திருகுத்தண்டை விரலால் தடவினார். அப்போது நான் வகுப்புக்குப் போகிறவன்போல் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியோடு, இஸ்திரி போட்ட சட்டையோடு பக்கத்தில் நின்றேன். மருமகன் சாரம் உடுத்தபடி உள்ளே போயிருந்தார். வெளி ஆளுக்கு முன்னால் மகள் தேநீர் கொண்டுவர மாட்டாள் என்பதால் அவரே தட்டை ஏந்திக்கொண்டு வந்தார்.

“மாஷா அல்லாஹ். சேர், இந்த வேலய யாரு யோசிச்ச?”

“நான்தான்,” என்றேன்.

“கணக்கெல்லாம்?”

“அதுவும் நான்தான்.”

இரண்டாவது பதில் உண்மை. அதைப் பிடித்துக்கொண்டுதான் முதலாவது பதிலோடு பல நாள் வாழ்ந்தேன்.

வந்தவர் தேநீர்த் தட்டோடு நின்றவரைப் பார்த்தார். “அப்ப நீங்க?”

மருமகன் தட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “மாமா சொல்லச் சொல்ல வெல்டிங் அடிச்சது நான்.”

எங்கள் பக்கத்தில் மாமா ஒன்றைச் சொன்னால், வெளி மனிதர் முன்னால் மருமகன் அதை மறுக்க மாட்டார். அது எனக்குத் தெரியும். அந்த வழக்கத்தின் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். அவர் மறுக்காததை, அவருக்கு அது பெரிதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

“எப்பிடி சேர் இது வேல செய்ற? காட்டுங்களேன்.”

நான் குனிந்து, “இப்பிடித் திருப்பினா நீளும்” என்று திருப்பினேன். தண்டு சுருங்கியது. மருமகன் தட்டை மணலில் வைத்துவிட்டு, தூசி தட்டுகிறவர்போல் கையை வைத்து, மறுபக்கம் இரண்டு சுற்றுத் திருப்பிவிட்டு விலகினார். வந்தவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. போகும்போது காருக்குப் பக்கத்தில் நின்று என்னோடு ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார். அவருடைய போனை வாங்கி அந்தப் படத்தை எடுத்தவர் மருமகன்.

“நான் இன்னும் ரெண்டு கார் கட்டப் போறன் சேர். உங்களுக்கு வயசு, கொழும்புக்கு வந்து நிக்க ஏலா. கணக்கு ஏதாச்சும் கேக்கணும்னா கோல் எடுக்கிறன்.” பிறகு மருமகனைப் பார்த்து, “வெல்டிங்குக்கு ஆள் தேவப்பட்டா சொல்லி அனுப்புறன்” என்றார்.

“சரி” என்றார் மருமகன்.

பின்னேரம் லொறி வந்தது. கார் ஏறியதும் அவர் ஒரு துணியை எடுத்துத் திருகுத்தண்டில் பட்டிருந்த தன் கை அழுக்கைத் துடைத்துவிட்டார். அடுத்த கிழமை அத்திவாரம் வெட்டினோம்.

ஒன்றரை மாதம் கழித்து அந்தக் கொழும்புக்காரர் முகநூலில் ஒரு வீடியோ போட்டார். கார் ஓடுகிறது. முடிவில் என் படம், கல்முனைச் சேர் ஒருவர் இந்த வயதில் கட்டிய கார் என்ற எழுத்தோடு. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வெளியே வந்தபோது நாலு பேர் சுற்றிக்கொண்டார்கள்.

“சேர், கார் கட்டுற எண்டு எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லல்லியே!”

“எங்கட பழைய பைசிக்கிளுக்கும் ஒரு வால் வைச்சுத் தாங்க சேர்!”

நான் “அல்ஹம்துலில்லாஹ்” என்றேன். பள்ளிவாசல் படியில் நின்று. ஓமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. பொய்யைவிட அந்த ஒரு சொல்லைத்தான் இன்றும் நினைக்கக் கூசுகிறது.

வீட்டுக்கு வந்தால் மகள் போனோடு நின்றாள்.

“பார்த்தீங்களா வாப்பா?”

“ஓம்.”

“அண்டைக்கு நான் கதவுக்குப் பின்னாலதான் நிண்ட. நீங்க சொன்னது எனக்குக் கேட்ட.” போனை மேசையில் வைத்தாள். “அவர் ஒரு சொல்லும் சொல்லல்ல, என்னட்டக் கூட. அதுதான் எனக்குத் தாங்கேலாம இரிக்கி. இனி நான் ஒண்டும் கொண்டு போகவும் மாட்டன், கொண்டு வரவும் மாட்டன். அவருக்கு ஏதும் சொல்லணும் எண்டா நீங்களே போய்ச் சொல்லுங்க.”

அவள் சொன்னபடியே செய்தாள். அந்தக் கிழமை கிணற்று மோட்டார் பழுதாகிவிட்டது. பத்தடி தூரத்தில் அதைத் திருத்தக்கூடிய மனிதர் இருக்கிறார், ஆனால் அவருக்குச் சொல்லி அனுப்ப எனக்கு ஆள் இல்லை. மூன்று நாள் வாளியால் தண்ணீர் அள்ளினேன். இடுப்பு முறிந்தது. நாலாம் நாள் அஸர் தொழுதுவிட்டு வந்தால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஈரமான ஸ்பேனர் ஒன்று கிடந்தது.

அந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நேரே அவர் வீட்டு முன்பக்கம் போனேன். அவர் சாய்மனைக் கதிரையிலிருந்து துள்ளி எழும்பினார். கலியாணமாகி ஆறு வருடத்தில் நான் அப்படிப் போனதில்லை.

“இருங்க மகன்,” என்றேன். மகன் என்று கூப்பிட்டதும் அன்றுதான். அவர் உட்காரவில்லை. நானும் நின்றபடியே சொன்னேன். “அந்த மனிசனுக்கு நான் பொய் சொல்லிட்டன்.”

“அது பரவால்ல மாமா. நீங்க போட்ட கணக்குத்தானே.”

“கணக்கு என்ட. தோற்கும் எண்டு எழுதின கணக்கு. கார் உங்கட.”

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையை நிமிர்த்திக் கேட்டார். என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

“ஏன் மாமா அப்பிடிச் சொன்னீங்க?”

கொண்டுபோன ஸ்பேனரை அவர் கையில் கொடுத்தேன். “அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். கேட்ட நேரம், அது என்டதா இருந்தா எவ்வளவு நல்லா இரிக்கும் எண்டு ஆசை வந்திட்டு. அவ்வளவுதான்.”

“எனக்கு நல்லா வலிச்ச மாமா,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதைச் சொன்னதற்காக நான் அவருக்கு இன்றும் நன்றியுள்ளவனாக இருக்கிறேன். அங்கேயே, அவருக்கு முன்னாலேயே, போனை எடுத்துக் கொழும்புக்கு அழைத்தேன். மகள் கதவுக்குப் பின்னால் நின்றாள். இந்த முறை அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன்.

“அண்டைக்கே எனக்கு ஒரு சந்தேகம் ஈந்திச்சி சேர். தண்டை மத்தப் பக்கம் திருப்பினீங்க. ஆனா நீங்க பெரிய மனிசன், அவரும் ஒண்டும் சொல்லல்ல. நான் என்னத்தச் சொல்ல?”

“அடுத்த கார் ரெண்டும்?”

“ஒண்ட வேற ஆளுக்குக் குடுத்துட்டன் சேர். மத்தத இன்னும் ஒண்டும் முடிவில்ல.” பிறகு சொன்னார், “உண்மையச் சொன்னா இந்தக் காரும் இப்ப முன்ன மாதிரிக் கிளம்புதில்ல. அந்த வால எவ்வளவு இறக்கிறண்டு என்ட ஆக்களுக்குப் புரியல்ல. அடுத்த போட்டிக்கு அவர வரச் சொல்லுங்க. பாப்பம்.”

ஆக, என் ஒரு சொல்லால் ஒரு கார் போயிற்று. அது திரும்பி வராது. வீடியோவிலிருந்து என் படத்தை எடுத்துவிட்டார், ஆனால் ஊரில் பார்த்தவர்கள் பார்த்ததுதான். யாராவது வாழ்த்தினால் நிற்க வைத்து உண்மையைச் சொல்கிறேன். சிலர் தன்னடக்கம் என்று நினைக்கிறார்கள். அவர்களை இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வைக்கிறேன்.

அடுத்த போட்டிக்கு மருமகன் புறப்பட்டபோது, “மாமா, நீங்களும் வாங்களேன்” என்றார். போனேன். ஓடுபாதையில் காரைப் பரிசோதிக்கும் இடத்தில் ஒரு படிவம் நிரப்பக் கொடுத்தார்கள். கொழும்புக்காரர் அதைப் பார்க்காமலே என்னிடம் தள்ளினார். “உங்கட கையெழுத்து நல்லம் சேர்.” உரிமையாளர், ஓட்டுநர், எஞ்சின். அதற்குக் கீழே, காரைக் கட்டியவர். மருமகனின் பெயரை முழுதாக, அவருடைய வாப்பாவின் பெயரையும் முன்னால் சேர்த்து, எழுதினேன். பரீட்சைத் தாளில்கூட அவ்வளவு கவனமாக எழுதியதில்லை.

காருக்குத் திரும்பி வந்தபோது அவர் ஓடுபாதையில் மண்டியிட்டு உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழும்புக்காரரும் அவருடைய ஆட்கள் மூவரும் பின்னால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இதைத்தான் நான் அன்று அந்தக் கொழும்புக்காரருக்குக் காட்டியிருக்க வேண்டும்.

தலையைத் திருப்பாமலே அவர் சொன்னார்: “மாமா, தண்டில அரைச் சுத்து இறக்குங்க.”

நான் வாலுக்குப் பக்கத்தில் குனிந்து, தண்டில் கையை வைத்தேன்.

“எந்தப் பக்கம் மகன்?”

“வலப்பக்கம்.”

வலப்பக்கம் திருப்பினேன்.